தாலி கட்டும்போது அப்பா எங்கே?

மதுரையில் அப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் எனக்கென்று ஒரு வேலை காத்திருக்கும். போன பாத்திரம் எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று நோட்டை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி, சாம்பார் வாளி, தாம்பாளம், ஜமக்காளம் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போகாமலே அதைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த நோட்டு போதும். சாம்பார் வாளியின் எண்ணிக்கையைப் பார்த்தால் பந்தியில் எத்தனை வரிசை இலை விழும் என்று தெரிந்துவிடும். பெரிய அண்டாவை விட்டுவிட்டு நடுத்தரமாகவே கேட்டால் கையில் பணம் இழுபறி என்பார் அப்பா. ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் வந்து, "இன்னும் ரெண்டு குண்டான் குடுங்கண்ணே" என்று நின்றால் எதிர்பாராத உறவுக்கூட்டம் வந்து இறங்கிவிட்டது என்று பொருள். அப்படி வந்து நிற்பவர் அநேகமாகப் பெண்ணின் அப்பாவாகத்தான் இருப்பார்.

அந்த அப்பாக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கல்யாண காண்ட்ராக்ட் தொழிலுக்கு வந்தேன்.

பாத்திரம் இறக்க அப்பாவோடு மண்டபத்துக்குப் போவேன். அங்கே கண்ட ஒரு காட்சி இன்றுவரை மனதை விட்டு அகலவில்லை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த கையோடு ஒரு தகப்பனார் மேடையை விட்டு இறங்கினார். பால் வரவில்லை என்று யாரோ அவர் காதில் சொல்லிவிட்டார்கள். சமையல்கட்டின் பின்வாசலில் நின்று பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடினார். கூட்டத்தை விலக்கி மேடையருகே போய்ச் சேர்வதற்குள் அட்சதை விழுந்து முடிந்திருந்தது. கையில் இருந்த அட்சதையை அவர் யார் மேலும் போடவில்லை, மடியில் முடிந்துகொண்டார். அம்மாக்கள் நிலை இன்னும் மோசம். நகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணப்பெண் அறையிலேயே உட்கார்ந்திருப்பவர்களை எத்தனையோ கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். பல வருஷம் சேமித்து, கடன் வாங்கி, நாள் குறித்து நடத்தும் கல்யாணத்தை, நடத்துகிறவர்களே பார்ப்பதில்லை. தொழில் தொடங்கிய நாள் முதல் எனக்கு முன்னால் இருந்த ஒரே கேள்வி இதுதான்: இவர்களை எப்படி உட்கார வைப்பது?

இதற்கு விடை எங்கள் ஊரிலேயே இருந்தது. சித்திரை மாதம் மீனாட்சி திருக்கல்யாணம் நடக்கும்போது ஊரே பெண் வீடாகிவிடும். பெண்கள் கோயிலுக்குள்ளும் வீட்டு வாசலிலும் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாண விருந்து நடக்கும். அரிசியும் பருப்பும் காய்கறியும் பக்தர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். முதல் நாளே காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பிட்டவர்கள் மீனாட்சிக்கு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். இத்தனை பெரிய கல்யாணத்தில் தனியாக ஓடித் தவிப்பவர் என்று ஒருவரும் இல்லை. காய் நறுக்குகிறவருக்குக் காய் மட்டும், இலை போடுகிறவருக்கு இலை மட்டும்.

அந்தக் காலத்து வீட்டுக் கல்யாணமும் இப்படித்தான் நடந்தது. பந்தி விசாரிப்பது பங்காளிகள், பந்தல் போடுவது மச்சான்மார்கள், சீர்வரிசைக் கணக்கு ஒரு பெரியப்பா, மொய் நோட்டுக்கு எழுத்து அழகாக வரும் ஒரு சித்தப்பா. உறவுக்காரர்கள் நான்கு நாள் முன்பே வந்து தங்கினார்கள். இப்போது அவர்களுக்கு லீவு கிடைப்பதில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வந்து, சாப்பிட்டு, மொய் எழுதி, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்துப் பேர் தோளில் இருந்த பாரம் ஒரு அப்பாவின் தோளில் வந்து விழுந்தது. அந்தப் பத்துப் பேர் இடத்தில் யாராவது நின்றாக வேண்டும். கல்யாண காண்ட்ராக்டர் என்பவர் கூலிக்கு வந்த பங்காளி. இதைப் புரிந்துகொண்ட பிறகு தொழிலில் எனக்கு வழி தெரிந்தது.

அந்த நாளில் "இலைக்கு இவ்வளவு" என்று ஒரே தொகையாகப் பேசி முடிப்பதுதான் வழக்கம். நான் எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். பொருளுக்கு எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று மூன்றும் தனித்தனி. பங்காளி கணக்கை மறைக்க மாட்டார் அல்லவா? முதலில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருந்தது. "உங்க லாபத்தையும் எழுதிட்டீங்களேம்மா" என்று ஒரு பெரியவர் நெடுநேரம் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேரமே பேசாமல் முன்பணம் கொடுத்தார். என் பங்கு தெரிந்துவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் நான் அவர் பக்கம் நிற்பேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

கணக்கைத் திறந்து வைத்தால்தான் எங்கே செலவு ஏறுகிறது என்று குடும்பத்துக்குத் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியைப் பலரும் தவிர்க்கிறார்கள். மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அதனால் ஊரிலுள்ள மண்டபம், சமையல்காரர், மேளம், பூ எல்லாம் அதே சில நாட்களில் மோதுகின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மதுரை மல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பனி விழுந்து வரத்து குறையும் தை மாதத்தில், முகூர்த்த நாளாகவும் இருந்துவிட்டால், ஆயிரங்களில் போகும். தை மாதக் கல்யாணத்தில் மேடை முழுக்க மல்லிகை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த விவரத்தைச் சொல்லி, பெண்ணின் தலைக்கும் மாலைக்கும் மட்டும் மல்லிகை வைத்து, மேடைக்குச் சம்பங்கியும் செவ்வந்தியும் போடச் சொல்வேன். அதே மாதத்தில் தேய்பிறை முகூர்த்தம் ஒன்று ஜாதகத்துக்கு ஒத்துவந்தால் மண்டப வாடகையே குறையும் என்பதையும் சொல்லிவிடுவேன்.

முகூர்த்த நேரமும் செலவைத் தீர்மானிக்கும். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அதனால் அன்றைக்கு ஒன்று, விடியலில் ஆறிலிருந்து ஏழரைக்குள் தாலி கட்ட வேண்டும். இல்லையென்றால் ஒன்பதுக்கு மேல். விடியல் முகூர்த்தம் என்றால் சமையல்கட்டில் ராத்திரி இரண்டு மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். காலை டிபனுக்குக் கூட்டம் மொத்தமும் இருக்கும். வேலை நாளாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அதில் பெரும்பகுதி இருக்காது. இதை யோசிக்காமல் இரண்டு வேளைக்கும் ஒரே தலைக்கணக்கு போட்டால் மதியம் சாப்பாடு மிஞ்சி வீணாகும். முதலில் டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனித் தலைக்கணக்கு. இதுதான் எங்கள் எஸ்டிமேட்டின் முதல் வரி.

இதையெல்லாம் புத்தகமாக எழுதும் எண்ணம் சமையல்கட்டில்தான் பிறந்தது. எங்களோடு நெடுங்காலம் இருந்த சமையல் மாஸ்டர் ஒருவர் மளிகை லிஸ்டை வாயாலேயே சொல்வார், நான் எழுதுவேன். எத்தனை பேர் என்று மட்டும் கேட்பார். மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அரிசியில் தொடங்கி, பருப்பு, புளி, மிளகாய், மல்லி, எண்ணெய், நெய், வெல்லம் என்று நிறுத்தாமல் போவார். கடைசியில் கற்பூரமும் தீப்பெட்டியும் வந்தால் லிஸ்ட் முடிந்தது. ஆனால் அளவெல்லாம் படியும் கைப்பிடியும்தான். கீழமாசி வீதி மொத்தக் கடையில் கைப்பிடிக்கு யார் எடை போடுவார்கள்? அதனால் ஒரு ஆடி மாதம், வேலை இல்லாத நாட்களில், ஒரு தராசைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணே, ரெண்டு கை உப்புன்னு சொல்றீங்கள்ல, அதை இதுல போடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கல் உப்பில் கையை விட்டு அள்ளித் தட்டில் போட்டார். ஒரு கைக்கு ஏறக்குறைய எண்பது கிராம் காட்டியது. கொட்டிவிட்டு மறுபடி அள்ளச் சொன்னேன். அதே எடைதான், முள் கொஞ்சம்தான் அசைந்தது. மறுநாள் வந்து அள்ளச் சொன்னபோதும் அப்படியே. அந்தக் கை பல வருஷமாகத் தராசாகவே இருந்திருக்கிறது. கடுகு, வெந்தயம், பெருங்காயம், புளி உருண்டை என்று ஒவ்வொன்றாக எடை போட்டுப் பக்கம் பக்கமாக எழுதினோம். எதை முதலில் ஊறப் போட வேண்டும், எந்த அடுப்பில் எது ஏற வேண்டும், ரசத்துக்கு எப்போது தண்ணீர் சேர்க்கலாம், எப்போது சேர்க்கக்கூடாது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் தானாக வந்தது. "இதெல்லாம் எழுதி வைக்கிற விஷயமாம்மா?" என்று முதலில் கேட்டவர், பிறகு நான் எழுதாமல் விட்டதைப் பார்த்தால் விரலால் தொட்டுக் காட்டத் தொடங்கினார்.

இப்படி ஒருவருடைய கைக்குள் இருக்கும் அறிவு அவரோடு போய்விடக்கூடாது என்ற எண்ணம் அன்று உறுதியானது. தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' எழுதியபோது, பெரியவர்களின் கைமணத்தில் இருந்ததைப் புதிதாகக் குடித்தனம் போகும் பெண்களின் கையில் கொடுத்தார். அந்த நூல் இன்றும் விற்கிறது. வீட்டுச் சமையலுக்கு ஒருவர் செய்ததைக் கல்யாண வேலைக்கு யாராவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். பாத்திர நோட்டு, மளிகை லிஸ்ட், எஸ்டிமேட் தாள்கள், மாஸ்டரோடு போட்ட எடைகள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி எழுத உட்கார்ந்தேன்.

தொழிலில் இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "தொழில் ரகசியத்தை எல்லாம் வெளியே சொல்லிட்டா அப்புறம் நம்மளை யாரு கூப்பிடுவா?" என்று நேராகவே கேட்டார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் என்னைக் கூப்பிட வசதியில்லாதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். திருப்பரங்குன்றம் முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் அங்கே வரிசையாகக் கல்யாணம் நடக்கிறது. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பக்கத்தில் ஒரு சிறிய ஹாலில் நூறு பேருக்குச் சாப்பாடு போடும் குடும்பங்களுக்குக் காண்ட்ராக்டர் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது சரியான ஒரு லிஸ்டும், எந்த வேலையை யார் பார்ப்பது என்ற தெளிவும்தான். அந்த அப்பாவும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவரை நினைத்துத்தான் எழுதினேன்.

அதனால் புத்தகத்தின் முதல் அத்தியாயம் சமையல் இல்லை, ஆள் பிரிப்பது. வீட்டில் யார் யாருக்கு என்ன வேலை, அதில் எது காண்ட்ராக்டருக்கு, எது உறவுக்கு என்று ஒரு தாள். பாலும் இலையும் வாங்க ஒருவர். பணம் பட்டுவாடாவுக்கு ஒருவர். நகைக்கு ஒருவர், அவர் அந்த அறையை விட்டு நகரக்கூடாது, அவர் பெண்ணின் அம்மாவாக இருக்கவும் கூடாது. மொய் எழுத இருவர், ஒருவர் வாங்க, ஒருவர் எழுத. எங்கள் பக்கத்தில் மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். ஒரு பெயர் விட்டுப்போனால் பத்து வருஷம் கழித்து உறவு கெடும். இப்போது கம்ப்யூட்டரில் மொய் பதிந்து ரசீது தரும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்படியானாலும் நோட்டில் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்கிறேன். கடைசி அத்தியாயம் கல்யாணப் பதிவு பற்றியது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்தினராக இருந்தாலும் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள் என்று எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டால் விருந்து முடிந்த வாரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

புத்தகம் வெளிவந்த பிறகு தொழிலில் இருந்தவர்கள் பயந்தது நடக்கவில்லை. சின்னக் கல்யாணங்களைத் தாங்களே நடத்திக்கொண்டவர்கள், அடுத்த பெரிய விசேஷத்துக்கு எங்களைத் தேடி வந்தார்கள். வேலை எவ்வளவு என்று தெரிந்த பிறகு கூலி கொடுக்க அவர்கள் தயங்கவில்லை. தன் தங்கை கல்யாணத்தை லிஸ்ட் போட்டு நடத்திய ஓர் அண்ணன், ஓரங்களில் குறிப்பெழுதிய தன் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். இலை கிழிந்துபோகும் என்பதால் தலைக்கணக்குக்கு மேல் எவ்வளவு வாங்க வேண்டும் என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், மழை நாளில் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும் என்று எழுதியிருந்தார். அது அடுத்த பதிப்பில் சேர்ந்தது.

இந்தத் தொழிலில் இருந்துகொண்டு கஷ்ட காலங்களையும் பார்த்தேன். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது கார்த்திகை முகூர்த்தங்கள் வாசலில் நின்றன. கல்யாணச் செலவுக்கு இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று பிறகு அனுமதி வந்தது. ஆனால் பூக்காரரும் இலைக்காரரும் பந்தி பரிமாறுகிறவரும் ரொக்கத்தில்தான் வாழ்கிறார்கள். மளிகைக்கடையும் மண்டபமும் செக் வாங்கிக்கொண்டதால், கையிலிருந்த நல்ல நோட்டை எல்லாம் கூலியாட்களுக்கென்று ஒதுக்கினோம். யாருக்கு முதலில் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற வரிசையை அந்த மாதம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அன்றிலிருந்து அந்த வரிசையை நாங்கள் மாற்றவில்லை.

2020-இல் ஊரடங்கு. கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். தொழில் படுத்துவிட்டது, கூட இருந்தவர்களின் வீடுகளில் அடுப்பெரிய நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனாலும் அந்த நாட்களில் நடத்திக் கொடுத்த சில வீட்டுக் கல்யாணங்களில் நான் ஒன்றைக் கண்டேன். முற்றத்தில் மணை போட்டு, ஒற்றை நாதஸ்வரத்தோடு நடந்த கல்யாணத்தில் அப்பா, அம்மா, அண்ணன், பாட்டி என்று எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் தேடவில்லை. செலவும் கூட்டமும் குறைந்ததால் கல்யாணம் குறைந்துவிடவில்லை. இதைப் பார்த்த பிறகு, கடன் வாங்கிப் பெரிதாகச் செய்ய வருகிறவர்களிடம் தயங்காமல் சொல்கிறேன்: பத்திரிகையைப் பாதியாகக் குறையுங்கள். என் பங்கும் அதோடு குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறார்கள்.

நான் இன்னும் எழுதி முடிக்காத அத்தியாயம் ஒன்று உண்டு. அது பரிமாறுகிறவர்களைப் பற்றியது. முகூர்த்த நாளில் சாம்பார் வாளி தூக்கி ஓடும் பையன்களில் பலர் கல்லூரி மாணவர்கள். ராத்திரி பஸ் ஏறி வந்து, தரையில் துண்டை விரித்துப் படுத்து, விடிவதற்குள் குளித்துச் சீருடை மாட்டுகிறவர்கள். செமஸ்டர் பீஸ் அந்தக் கூலியில்தான் கட்டுகிறார்கள். ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, மிச்சம் மீதியைக் கடைசிப் பந்தியில் மூன்று மணிக்குச் சாப்பிடுவதுதான் அவர்களுக்கு எழுதாத விதி. எங்கள் கல்யாணங்களில் முதல் ஈடு இட்லி அவர்களுக்குத்தான். ஐந்தரை மணிக்கு இலை போட்டு, உட்கார வைத்து, மாஸ்டரே பரிமாறுவார். வயிறு நிறைந்த பையன், இலையில் சாதம் முடியும் முன்பே வாளியோடு வந்து நிற்பான். பசியோடு இருப்பவன் இலையைப் பார்க்க மாட்டான், கடிகாரத்தைப் பார்ப்பான். ஆனால் பலன் கருதி நான் இதைச் செய்யவில்லை. ஒரு வீட்டின் நல்ல நாளில் அந்தக் கூரைக்குக் கீழே யாரும் பசியோடு இருக்கக்கூடாது.

2019 ஜனவரியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்தபோது, சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் கப்பும் போய், வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் திரும்பி வந்தன. கழுவ ஆள் வேண்டுமே என்று முணுமுணுத்தவர்களே இன்று அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கல்யாண வழக்கங்களை மாற்றவே முடியாது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். டம்ளர் மாறியதைப் போல, கூலியாள் கடைசியில் சாப்பிடும் வழக்கமும் மாறும். பெற்றவர்கள் கல்யாணத்தன்று ஓடும் வழக்கமும் மாறும்.

அதற்கு நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு சாயங்காலம் வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். யாருக்கு எந்த வேலை என்று எழுதுங்கள். பணப்பையையும் செல்போனையும் யாரிடம் கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்யுங்கள். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பு அப்பாவும் அம்மாவும் இரண்டையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு மேடையில் போய் உட்கார வேண்டும். பால் வரவில்லை என்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.